பூர்பூல் குட்டியை ஊட்டிப் பெருக்க வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்கப் பண்ணைக் காவல் நாயான பூர்பூல் (போயர்போயல் என்றும் எழுதுகிறார்கள்) பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை அதன் எடையைத்தான் பெரிதாகப் பேசியது. 70 கிலோ, 80 கிலோ என்று படிப்பவர்கள் குட்டியை முதல் மாதத்திலிருந்தே திணித்து வளர்க்கிறார்கள். இந்த நாய்க்குக் கேடு அங்கேதான் தொடங்குகிறது.

ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘பூர்’ என்றால் உழவர். 1652 முதல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் குடியேறிய ஐரோப்பியர் கொண்டுவந்த முரட்டு நாய்களின் வழியில், தொலைதூரப் பண்ணைகளில் உருவான இனம் இது. கலப்பு மிகுந்து மங்கியபோது 1983-ல் வளர்ப்போர் சங்கம் பிறந்தது. பிறகு நாட்டைச் சுற்றி ஏறத்தாழ 250 நாய்களைப் பார்த்து, 72-ஐ மட்டுமே பதிவுக்கு எடுத்தார்கள். அவ்வளவு சலித்து மீட்ட இனத்தைத் தீவனத்தட்டில் கெடுப்பது வேதனையானது.

சிறு குட்டியின் குடலுக்கு, மிஞ்சிய கால்சியத்தை ஒதுக்கத் தெரியாது. கொடுப்பதில் பெரும்பகுதி உடலில் ஏறிவிடும். குருத்தெலும்பு எலும்பாக மாறுவது தாறுமாறாகி, முழங்கையும் தோள்மூட்டும் கெடும். பெரிய இனக் குட்டிகளுக்கான உலர்தீவனத்தில் கால்சியம் 1 முதல் 1.2 சதவீதம் இருந்தால் போதும். அதன்மேல் மாத்திரையோ முட்டையோட்டுத் தூளோ வேண்டாம். வெறும் இறைச்சியாகப் போடுவதும் தவறு: கால்சியம் குறைந்து எலும்பு மெலியும், கால் வளையும்.

தராசைவிட விரல் நம்பகமானது. விலாவின்மேல் கையைத் தட்டையாக வைத்துத் தடவுங்கள். அழுத்தாமலே எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். தேட வேண்டியிருந்தால் அன்றே தீவனத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஒன்றரை வயதுவரை படியேற்றம், உயரத்திலிருந்து குதித்தல், வண்டிக்குப் பின்னால் ஓட்டம் எதுவும் கூடாது. வெறும் சிமெண்ட் தரையில் படுக்கவிட்டால் முழங்கையில் நீர் கோத்துக் கட்டி வரும்; தடித்த விரிப்பு போடுங்கள்.

வளர்ந்த நாய்க்கு ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க முடியாது.

கட்டுரை தொடாத இன்னொன்று, தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் ‘பிலியரி’ என்று சொல்லப்படும் உண்ணிக்காய்ச்சல். பபீசியா ரோசி என்ற ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது. ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். ஆனால் இந்த இனத்தில் உதடும் ஈறும் கருத்த நாய்கள் நிறைய, அங்கே வெளுப்பு தெரியாது. கீழ் இமையை விரலால் இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். அது வெளிறி, சிறுநீர் காப்பி நிறத்தில் போய், நாய் சோற்றைத் தொடாமல் கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தினமும் மாலையில் காதுமடல், விரலிடுக்கு, வாலடி மூன்றையும் தடவி உண்ணி பொறுக்குவது ஐந்து நிமிட வேலைதான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்