எக்ஸ்பார்ட்டி என்றால் எல்லாம் முடிந்துவிட்டதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் ஒரு சொத்து வழக்கைப் பற்றி எழுதும்போது, 'பிரதிவாதி ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வழங்கப்பட்டது' என்று சொல்லி அத்தோடு நிறுத்திவிட்டீர்கள். 31 ஆண்டுகள் வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அந்தச் சொல்லை அப்படியே கடந்துபோக மனம் வரவில்லை.

ஒரு மாலை, கேஸ் கட்டுகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்தார். முந்தானையில் முடிந்துவைத்திருந்த காகிதத்தைப் பிரித்து மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணையின் நகல். 'என் பெயரை அடித்துவிட்டார்களாம், இனி ஒன்றும் செய்ய முடியாதாம்' என்றார். 'எக்ஸ்' என்றால் பெருக்கல் குறி போட்டு அடிப்பது என்று யாரோ விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி ஐந்து மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அந்த லத்தீன் சொல்லுக்கு 'ஒரு தரப்பிலிருந்து' என்பதுதான் பொருள். மறுதரப்பைக் கேட்காமல் ஆன தீர்ப்பு. 'என்னையும் கேளுங்கள்' என்று அதே நீதிமன்றத்தில் மனுப் போடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆவது கட்டளை, 13-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. சம்மன் முறையாக வந்து சேரவில்லை என்றோ, வர முடியாததற்குத் தக்க காரணம் இருந்தது என்றோ காட்ட வேண்டும். கெடு 30 நாள், தீர்ப்பாணை நாளிலிருந்து. சம்மன் முறையாகச் சேராதவருக்கு, தீர்ப்பாணையை அறிந்த நாளிலிருந்து. அதுவும் தாண்டிவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனு. அந்த அம்மாவுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் போட்டோம். உடனே வந்திருந்தால் ஒன்றே போதும்.

வழக்கறிஞர்கள் தங்களுக்குள் லத்தீனில் பேசிக்கொள்ளட்டும். அது அவர்களுடைய தொழிற்சுருக்கம். பத்திரிகைக்கு அது வேண்டாம். 'ஹேபியஸ் கார்பஸ்' நம் பத்திரிகைகளில் 'ஆட்கொணர்வு மனு' ஆனபின், படிக்காதவருக்கும் விளங்குகிறது. 'சைன் டை' என்ற லத்தீனைத்தான் சட்டமன்றச் செய்திகளில் 'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' என்று அழகாக எழுதுகிறீர்கள். இங்கிலாந்திலேயே, 1999-இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் விதிகள், எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமல் போடும் மனுவை 'எக்ஸ்பார்ட்டி' என்று சொல்வதை விட்டு, 'அறிவிப்பின்றி' என்ற எளிய சொல்லுக்கு மாறிவிட்டன.

'ஒருதரப்புத் தீர்ப்பு' என்று எழுதுங்கள். பக்கத்திலேயே, '30 நாளுக்குள் நீக்கக் கோரலாம்' என்று ஒரு வரி சேருங்கள். நீங்கள் எழுதிய வழக்கின் பிரதிவாதிக்கும் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த இதழிலேயே அந்த வரி வந்துவிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
கும்பகோணம்.