அடுத்த ஆகஸ்டையும் நம்புகிறேன்

லிங்கன், நெப்ராஸ்கா
ஜனவரி 2026

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "இனிமேல் ஹஸ்கர்ஸ் மேல ஆசையே வைக்கமாட்டேன், நீயும் வைக்காதேம்மா" என்றாய். அப்பா உடனே பேச்சை மாற்றிவிட்டார். எனக்கு அதற்குப் பதில் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே மறுத்துப் பேசுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஹஸ்கர்ஸ், அதுதான் நம் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் வாலிபால் அணி, 2025 சீசனில் 33 ஆட்டம், 33 வெற்றி. வருடம் முழுக்க விட்டுக்கொடுத்த செட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டிசம்பர் 14 அன்று தேசியப் பட்டத்துக்கான போட்டியின் பிராந்திய இறுதியில், சொந்த ஊரில், டெவேனி அரங்கத்தில், டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி முதல் இரண்டு செட்டையும் 25-22, 25-22 என்று எடுத்துக்கொண்டது. மூன்றாவதை நம் பெண்கள் பிடித்தார்கள். நான்காவதில் 37-35 வரை போய் ஜெயித்தார்கள். அந்தச் செட்டுக்குப் பிறகு இந்த ஊரில் யாருமே தோற்போம் என்று நினைத்திருக்கமாட்டார்கள். ஐந்தாவது 15-13, அதோடு முடிந்தது. லிங்கனிலேயே வளர்ந்த பெக்கா ஆலிக்குக்கு அதுதான் கல்லூரியில் கடைசி ஆட்டம்.

இதைவிட ஆகஸ்டில் இருந்த நிலைமைதான் உன்னை அதிகம் வலிக்கச் செய்கிறது என்று நினைக்கிறேன். சீசன் தொடங்கும் முன்பே வாலிபால் பயிற்சியாளர் சங்கத்தின் தரவரிசைப் பட்டியலில் நாம் முதலிடம். தலைமைப் பயிற்சியாளர் ஜான் குக் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் இடத்துக்கு டேனி பஸ்பூம் கெல்லி வந்தார். 2006-ல் சாம்பியன் ஆன நம் அணியில் லிபரோவாக, அதாவது பின்வரிசையில் தற்காப்புக்கு மட்டும் நிற்பவராக, ஆடியவர். குக் தலைமைப் பயிற்சியாளராக வந்த முதல் வருடமான 2000-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 34-0 என்று பட்டம் வாங்கினார். டேனிக்கும் இது முதல் வருடம், வெற்றிக்கு மேல் வெற்றி வேறு. ஊரே அந்தக் கணக்கைப் போட்டது. நீயும் போட்டாய், அக்டோபரில் எனக்கு அனுப்பிய செய்திகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். அவ்வளவு நல்ல அணி அது.

ஆனால் ஒன்றைக் கவனி. 2018 இறுதி ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டிடம் ஐந்தாவது செட்டில் 15-12. 2021 இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சினிடம் மறுபடி 15-12. 2024 அரையிறுதியில் பென் ஸ்டேட்டிடம் 15-13. இப்போது 15-13. நான்கு தடவையும் ஐந்தாவது செட், இரண்டு அல்லது மூன்று பாயிண்ட். 2024-ல் இரண்டு செட் முன்னால் இருந்தோம், நான்காவதில் 22-16 வரை வந்துவிட்டோம், மேட்ச் பாயிண்டும் கையில் இருந்தது. அங்கிருந்து பென் ஸ்டேட் எழுந்து வந்தது. அந்த அணியின் கோச் கேட்டி ஷூமாக்கர்-காலி அந்த சீசனில்தான் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே பயிற்சி கொடுத்தார். பிறகு இறுதியிலும் ஜெயித்து, இந்தப் பட்டத்தை வாங்கிய முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அன்றைக்கு நம் அணி தோற்றதில் வருத்தம் இருந்தாலும், அவர் கையில் கோப்பையைப் பார்த்தபோது நான் மனதாரக் கைதட்டினேன்.

பதினைந்து பாயிண்ட் செட்டில் ஒரு சர்வீஸ் வலையைத் தாண்டாமல் விழுந்தால் போதும். பந்து வலையருகே தடுக்க எழும்பும், பிளாக் செய்யும், கையில் உரசி வெளியே போனதா இல்லையா என்று வீடியோவைத் திருப்பிப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்கிறார்கள். பட்டம் வாங்க 64 அணிகளில் ஆறு ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்கவேண்டும், ஒன்றில் விழுந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆகஸ்டில் யாராவது "நாம்தான் முதல்" என்று சொன்னால், அது அணியின் பலத்தைப் பற்றிய பேச்சு. டிசம்பரில் அந்த இரண்டு பாயிண்ட் எந்தப் பக்கம் விழும் என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

உனக்கு 2017 நினைவிருக்கிறதா? சீசனின் முதல் வாரக் கடைசியிலேயே ஃப்ளோரிடா போய் ஓரிகானிடம் தோற்றோம், அடுத்து ஃப்ளோரிடாவிடமும் தோற்றோம். நம் ஆசைக்கு வாழ்வே இல்லை என்று தெருவில் எல்லோரும் பேசினார்கள். அந்த வருடம்தான் ஐந்தாவது பட்டம் வந்தது. கான்சஸ் சிட்டியில் நடந்த இறுதியில் எதிரே நின்றது அதே ஃப்ளோரிடா. இரண்டு தோல்வியோடு ஆரம்பித்த அணி சாம்பியன், 2025-ல் தோல்வியே இல்லாமல் வந்த அணி பிராந்திய இறுதியோடு சரி. 2017 ஆகஸ்டில் பயந்தவர்களுக்கும் ஆட்டம் பதில் சொல்லவில்லை, 2025 ஆகஸ்டில் நம்பியவர்களையும் அது ஏமாற்றவில்லை. இரண்டு கூட்டமும் ஒரே அளவு உண்மையோடுதான் இருந்தது.

அப்புறம், இந்தப் பட்டியலுக்கு வாக்குப் போடுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பார். பிற கல்லூரிகளின் கோச்சுகள்தான். அவர்களுக்கு முன்னால் இருப்பது போன வருட முடிவும், யார் யார் திரும்பி வருகிறார்கள், புதிதாக யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற விவரமும். பந்தைத் தூக்கிக் கொடுக்கும் புது செட்டரும் அதை அடிக்கும் அட்டாக்கரும் எவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போவார்கள், யார் முழங்கால் எப்போது வலிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கும் தெரியாது. ஏ அண்ட் எம்மையே பார். நம்மிடம் வருவதற்கு முன் லூயிவில்லிடம் இரண்டு செட் பின்னால் இருந்து ஜெயித்துத்தான் வந்தார்கள். பிறகு பிட்ஸ்பர்க்கை மூன்றே செட்டில், கென்டக்கியை மூன்றே செட்டில் முடித்து முதல் பட்டத்தை வாங்கிப் போனார்கள். அவர்கள் அணியின் ஸ்டோவர்ஸ் என்ற பெண் தலைக் காயங்களால் முன்பு ஆட்டத்தையே விடவேண்டி வந்தவள். அப்படி ஒருத்தி திரும்பி வந்து இப்படி ஆடுவாள் என்று எந்தப் பட்டியல் முன்கூட்டிச் சொல்லும்?

சரி, பிறகு ஏன் ஆசைப்படவேண்டும் என்று கேட்பாய்.

இந்த ஊரில் ஆசைப்பட்டுத்தான் எல்லாம் வந்தது. நெப்ராஸ்காவில் பெரிய தொழில்முறை அணி எதுவும் இல்லாத காலத்தில் டெரி பெட்டிட் 1977-ல் இந்த அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பெடுத்தார். முதல் பட்டம் 1995-ல்தான். நடுவில் அத்தனை வருடம், ஒவ்வொரு ஆகஸ்டிலும் "இந்தத் தடவை" என்று சொல்லிக்கொண்டு பழைய கொலிசியம் அரங்கத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். பட்டம் வருவதற்கு முன்பே வந்தவர்கள் அவர்கள். 2001-லிருந்து இந்த அணியின் சொந்த ஊர் ஆட்டம் ஒன்றுகூட டிக்கெட் தீராமல் நடந்ததில்லை. அது வெற்றியினால் மட்டும் வந்ததா? பட்டம் இல்லாத வருடங்கள்தான் அதிகம், அப்போதும் இருக்கைகள் நிரம்பின. சின்னச் சின்ன ஊர்களில் உயர்நிலைப் பள்ளி ஆட்டத்துக்கே ஊர் திரள்கிறது. அந்த ஊர்ப் பெண்கள் வளர்ந்து ஹஸ்கர்ஸின் சிவப்புச் சட்டை போடுகிறார்கள். ஹூப்பர் மாதிரிச் சிறிய இடத்திலிருந்து ஜோர்டன் லார்சன் வந்து, டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். யாரோ சிலர் முன்கூட்டியே நம்பி வந்து உட்கார்ந்ததால்தான் அந்தப் பெண்களுக்கு ஆடுவதற்கு ஓர் அரங்கம் கிடைத்தது.

2023 ஆகஸ்ட் 30 உனக்கு மறந்திருக்காது. மெமோரியல் ஸ்டேடியத்தில் 92,003 பேர். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நடுவே ஒரு வாலிபால் கோர்ட், அதில் நம் பெண்கள். பெண்கள் விளையாட்டுக்கு உலகில் எங்குமே அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை என்றார்கள். சீசன் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத நேரம். எதையும் ஜெயித்து முடித்த கூட்டம் இல்லை அது, இனிமேல் வரப்போவதை நம்பி வந்த கூட்டம். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு "இத்தனை பேரும் வாலிபாலுக்காம்மா" என்று கேட்டாய். நான் வளர்ந்த ஊரில் வாலிபால் என்றால் சாயங்காலம் ஆண்பிள்ளைகள் ஆடுவது, நாங்கள் ஓரமாக நின்று பார்ப்பது. அதனால் அன்று எனக்கு உண்டான நெகிழ்ச்சியை உன்னிடம் சரியாகச் சொல்லக்கூட முடியவில்லை.

ஆசை வைப்பதை நான் விடமாட்டேன். ஆனால் அந்த ஆசையைக் கடனாக எழுதிவைத்து, டிசம்பரில் அந்தப் பெண்களிடம் வசூலிக்கப் போவது எனக்குப் பிடிக்கவே இல்லை. இதைத்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். "சாம்பியன் ஆகாவிட்டால் இந்த வருடமே வீண்" என்று நீ சொன்னாய் பார், அந்தச் சொல்தான் தவறு. 2023-ல் முதல் வருட மாணவியாக வந்த ஹார்ப்பர் மர்ரி, டெக்சஸிடம் இறுதியில் தோற்ற பிறகு தன் மனநிலை எவ்வளவு மோசமாகிவிட்டது என்று அடுத்த ஆகஸ்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். முகம் தெரியாதவர்கள் எழுதியதெல்லாம் அவளை எவ்வளவு பாதித்தது என்றும் சொன்னாள். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. உன்னைவிடச் சிறியவள். அவள் அம்மா எப்படித் தூங்கியிருப்பார் என்று நான் யோசித்தேன். நம் வீட்டில் அந்த மாதிரி ஒரு வரியும் யாரும் எழுதியதில்லை, எழுதவும் மாட்டோம். ஆனால் "வீண்" என்ற சொல் அந்த வரிகளின் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது, கண்ணு.

33 வெற்றியில் எந்த ஒன்று வீண்? நம் செட்டர் பெர்கன் ரைலி பந்தை ஒரே கைவீச்சில் பின்பக்கமாகத் தள்ள, ஆண்டி ஜாக்சன் அதை அடித்து இறக்கும்போது நீ எனக்கு வரிசையாக அனுப்பிய ஆச்சரியக்குறிகள் வீணா? ஆட்டத்தை அன்றன்றைக்குப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம், அதை டிசம்பர் வந்து திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது அடுத்த சீசன். ஜனவரியிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள், நானும்தான். மர்ரி, ரைலி, ஜாக்சன் மூவருக்கும் அடுத்தது கல்லூரியில் நான்காவது வருடம். இதை நினைக்கும்போதே எனக்கு ஆசை எழுகிறது, மறைக்கமாட்டேன். டேனி லூயிவில்லில் கோச்சாக இருந்தபோது 2022-லும் 2024-லும் இறுதி வரை போய்த் தோற்றவர். தோற்ற பிறகு ஜனவரியில் ஓர் அணியை எப்படி எழுப்புவது என்று அவருக்குத் தெரியும். அவர்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். என் கவலை வலையின் நடுவில் நிற்கும் இடத்தைப் பற்றித்தான். ஆலிக் மாதிரி பிளாக் செய்யவும், மற்றவர்கள் சோர்ந்தால் குரல் கொடுத்துத் தூக்கவும் ஒருத்தி வேண்டும். சர்வீஸை எடுத்து ரைலி கைக்குச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அழுத்தம் வரும்போது தடுமாறுகிறது, ஏ அண்ட் எம் ஆட்டத்தின் முதல் இரண்டு செட்டைத் திரும்பப் பார்த்தால் உனக்கே தெரியும். இன்னொன்று, வருடம் முழுக்க மூன்று செட்டிலேயே முடித்துவிடும் அணிக்கு ஐந்தாவது செட் பழகாமலே போய்விடுகிறது. ஆரம்பத்திலேயே பலமான அணிகளோடு வெளியூரில் ஆடி, ஒன்றிரண்டில் தோற்றாலும் பரவாயில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு மறுபடி ஒரு 34-0 வேண்டுமாம்.

வசந்தத்தில் மாநிலத்துக்குள் ஏதாவது ஒரு சிறிய ஊரில் பயிற்சி ஆட்டம் ஆடுவார்கள் இல்லையா, 2023-ல் சென்ட்ரல் சிட்டியில் ஆடியது மாதிரி, இந்த வருடமும் அறிவிப்பு வந்ததும் உனக்குச் சொல்கிறேன். லீவு கிடைத்தால் வா, காரில் சேர்ந்து போகலாம். அந்த ஆட்டத்தில் யாரும் முடிவைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, குழந்தைகள் கையெழுத்துக்காக வரிசையில் நிற்பார்கள், உனக்கும் மனசு இளகும். ஆகஸ்டில் நம் அணியே இரண்டாகப் பிரிந்து ஆடும் ரெட்-ஒயிட் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்குமா என்று இப்போதே அப்பா விசாரிக்கிறார். சிவப்பு அணியில் யார், வெள்ளையில் யார் என்று பார்த்தாலே கோச் மனதில் இருக்கும் முதல் ஆறு பேர் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி.

நீ ஆசை வைக்கமாட்டேன் என்று சொன்னாலும், ஆலிக் இடத்துக்கு யார் சரியாக இருப்பார்கள் என்று இரண்டு வரி எழுதிப் போடு. அப்பா ஒரு பெயர் சொல்கிறார், நான் வேறு பெயர் சொல்கிறேன், சாப்பிடும்போதெல்லாம் இதே பேச்சாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா