தொழிற்கல்விப் பிரிவு மாணவரின் களப் பயிற்சி: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

எமது பாடசாலையின் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களைக் கண்டி நகரிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றுக்கும், நமக்கு அருகிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைக்கும் பயிற்சிக்கு அனுப்ப உங்கள் சம்மதத்தைக் கோரியே இதனை எழுதுகிறேன்.

11ஆம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு எதுவாயினும் பிள்ளைகள் 13 வருடங்கள் கற்க வழிசெய்யும் இப்பிரிவு 2017ஆம் ஆண்டு நாட்டில் ஆரம்பிக்கப்பட்டது. ஆனால் வகுப்பறை மட்டும் ஒரு மின்னியலாளரை உருவாக்கிவிடாது. கொழுந்து வாட்டும் தொட்டியின் விசிறி மோட்டார் சூடேறி நின்றுவிட்டால், முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, வேறெவரும் ஆளியைப் போட்டுவிடாதபடி பூட்டி, அதன் பிறகே பெயாரிங் தேய்ந்துள்ளதா, மோட்டாருக்கு மின்சாரம் தரும் மூன்று பேஸ்களில் (மின் இணைப்புகளில்) ஒன்று அறுந்துள்ளதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் பழக்கம் செய்து செய்துதான் கைக்கு வரும். அடிப்படையைக் கற்பிக்க எம்மிடம் ஆசிரியர்கள் உள்ளனர். பட்டறையும் கருவிகளும் கல்லூரியில் உள்ளன. உண்மையில் பழுதாகும் இயந்திரம் தொழிற்சாலையில்தான் இருக்கிறது.

தொழில் திறனுக்கான அரச அங்கீகாரமுள்ள சான்றிதழ் முறையான தேசிய தொழில் தகைமையில் (NVQ) 7 மட்டங்கள் உள்ளன. மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்துகாட்டித் தேறி 4ஆம் மட்டத்தைப் பெறுபவர் தனித்து வேலை செய்யத் தகுதியுடையவர். அவர் 5ஆம், 6ஆம் மட்டங்களில் டிப்ளோமாவும் 7இல் பட்டமும் பெறலாம். சாதாரண தரம் எழுதிய கையோடு கொழும்புக் கடைகளுக்குப் போன நம் பிள்ளைகள் பலர், வருடக்கணக்கில் உழைத்தும் தாம் கற்ற வேலைக்குச் சான்றிதழ் ஏதுமின்றி நிற்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

உங்களில் சிலர் கேட்ட கேள்வி நியாயமானது: பயிற்சி என்ற பெயரில் பிள்ளைகளைக் கூலியில்லா ஆட்களாக்கிவிடுவார்களா? மூட்டை தூக்கவோ, ஆள் குறைந்த இடத்தை நிரப்பவோ, இரவு முறையில் நிறுத்தவோ மாணவரைப் பயன்படுத்துவதில்லை என்று தொழிற்சாலை நிர்வாகத்திடம் எழுத்தில் பெற்றுள்ளோம். அன்றன்று கற்றதை மாணவர் பயிற்சிப் பதிவேட்டில் எழுதி, மேற்பார்வையாளரின் கையொப்பம் பெறுவர். அதை வாராவாரம் வாங்கிப் பாருங்கள். வாசிக்க இயலாதவர்கள் பிள்ளையிடமே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்க வேண்டாம். கண்டிக்கான பயணங்களில் ஆசிரியை ஒருவர் உடன் செல்வார். மின்னியலை விரும்பும் மாணவியைத் தையலுக்கு மாற்றுமாறு வற்புறுத்தாதீர்கள் என வேண்டுகிறேன்.

இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்டு, பிறப்புச் சான்றிதழின் பிரதியுடன் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கவும். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களும், பஸ் கட்டணம் சுமையாக இருப்பவர்களும் என்னை நேரில் வந்து சந்திக்கவும்.

இங்ஙனம்,
அதிபர்