அடுப்பு வேறாக இருக்கட்டும், பந்தி ஒன்றாகட்டும்

காரைக்குடி,
28 ஜனவரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே தைப் பனி காலை எட்டு மணி வரை விடுவதில்லை. கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது, கோடையைத் தாண்டிவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். சின்னவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதை நேரில் சொல்கிறேன்.

ஒன்றிப்பு ஜெப வாரத்தில் உங்கள் பங்குக் கோவிலில் எல்லாச் சபையாரும் சேர்ந்து பாடியதை எழுதியிருந்தாய். பாட்டு முடிந்ததும் அவரவர் சபைக்கு அவரவர் போய்விட்டோம், எல்லாமே ஒரே சபையாகிவிடக் கூடாதா என்றும் கேட்டிருக்கிறாய். இதற்கு நான் பட்டென்று பதில் சொல்ல முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

தங்கை போய் மூன்று மாதம் ஆகிறது. அன்று நடந்த ஒன்றை உன்னிடம் போனில் சொல்லவில்லை. அடக்கத் திருப்பலியில் முதல் வரிசையில் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆண்டவரின் அப்பம் வாங்கும் நற்கருணை நேரம் வந்தது. மச்சான் எழுந்தார். மருமக்கள் எழுந்தார்கள். பேரன் எழுந்தான். வரிசை காலியாகிவிட்டது, நான் மட்டும் இருந்தேன். சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபைக்காரனான எனக்கு, உங்கள் கத்தோலிக்கச் சபையில் நற்கருணை இல்லை என்பது எனக்குத் தெரிந்ததுதான். யாரும் என்னைத் தடுக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆனால் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் பெட்டிக்குள் கிடக்கிறாள், அவளுக்காக நடக்கிற விருந்தில் எனக்கு இலை இல்லை. அவளை மண்ணில் இறக்கியபோதுகூட நான் அப்படி உடையவில்லை.

இதில் ஒன்று யோசித்துப் பார். நாற்பது வருடத்துக்கு முன் அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டு கத்தோலிக்கச் சபைக்குப் போனபோது, அவளுக்கு யாரும் மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. எங்கள் சபைப் போதகர் கொடுத்ததே போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் கத்தோலிக்கச் சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட ஒன்றிப்பு பற்றிய ஏடும் இதைத்தான் சொல்கிறது: முறையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் எல்லாரும் கிறிஸ்துவுக்குள் சகோதரர்கள். அப்படியானால் வீட்டுக்குள் நுழைகிற வாசல் ஒன்று என்று ஒப்புக்கொண்டாயிற்று. உள்ளே வந்த பிறகு பந்தி மட்டும் ஏன் இரண்டு?

பங்குத்தந்தையிடம் பிறகு ஒரு நாள் இதைக் கேட்டேன். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். ஒன்றாக அமர்ந்து நற்கருணை உண்பது, நாம் ஒன்றாகிவிட்டோம் என்பதற்கு அடையாளம். ஒன்றாவதற்கு முன்பே உண்டால் அந்த அடையாளம் பொய்யாகிவிடும் என்றார். அதை நான் லேசாகத் தள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டால் சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம், சமாதானம் ஆகாமல் எப்படிச் சாப்பிடுவது என்று நம் ஊரிலும் கேட்பார்கள்.

ஆனால் பகைத்துக்கொண்ட பங்காளிகளை முதலில் ஒரு விசேஷத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரவைத்துத்தான் பேச்சையே ஆரம்பிப்பதும் இதே ஊர்தானே? எங்கள் சி.எஸ்.ஐ. சபை பிறந்த கதையும் அப்படித்தான்.

நம் பகுதியையே எடுத்துக்கொள். தேவகோட்டையில் நீ படித்தது இயேசு சபையாரின் பள்ளிக்கூடம். திருப்பத்தூரில் ஸ்வீடன் மிஷன் ஆஸ்பத்திரி, அவர்கள் லுத்தரன். என் தாத்தாவுக்கு வேதம் சொன்னது மதுரை அமெரிக்க மிஷன். புராட்டஸ்டன்ட் மிஷன்காரர்கள் இந்த ஊர் உனக்கு, அந்த ஊர் எனக்கு என்று பிரித்துக்கொண்டு வேலை செய்தார்கள். உன் தாத்தா ஊருக்கு யார் வண்டி கட்டிக்கொண்டு முதலில் வந்தாரோ, அதுவே உன் சபை. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய நம் ஊழியர்கள் இதைத்தான் மனம் நொந்து சொன்னார்கள்: இந்தப் பிரிவினைகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து எங்கள் மேல் வந்து விழுந்தவை, இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பமும் இல்லை. அதில் முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அவர் 1945-இன் முதல் நாள் இறந்துபோனார். அவர் ஏங்கிய ஒன்றிப்பு 1947 செப்டம்பர் 27-இல்தான் சென்னையில், புனித ஜார்ஜ் பேராலயத்தில் நடந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

அந்த நாளில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாரும் ஒன்றானார்கள். பேராயர் என்ற பதவியே கூடாது என்ற மரபில் வந்தவர்களும், பேராயர் தலைமேல் கைவைத்து ஏற்படுத்தாமல் குரு இல்லை என்று நம்பியவர்களும் ஒரே கூரைக்குள் வந்தார்கள். எப்படி முடிந்தது? ஏற்கனவே ஊழியத்தில் இருந்த யாரையும் மறுபடி குருப்பட்டம் வாங்கு என்று கேட்கவில்லை. இருக்கிறவர்களை இருக்கிறபடியே ஏற்றார்கள். இனி வருகிறவர்களுக்குப் பேராயர்கள் கைவைப்பார்கள் என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள். எந்தச் சபை மேலும் அதன் மனசுக்கு ஒவ்வாத குருவையோ வழிபாட்டு முறையையோ திணிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். மற்றது தானாகக் கூடிவர 30 வருடம் பொறுப்பது என்று முடிவு. முதலில் பந்தி, பிறகுதான் கணக்கு வழக்கு. எங்கள் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு முதல் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகின் யார் தெரியுமா? பேராயரே இல்லாத ஸ்காட்லாந்து சபையிலிருந்து வந்த மிஷனரி!

சரி, அப்படியானால் எல்லாரும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்துவிடலாமே என்பாய். அங்கேதான் நான் உன்னிடமிருந்து விலகுகிறேன்.

எங்கள் தெரு ஆச்சியை உனக்கு நினைவிருக்கும். முகப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே மாமியார் தன்னை வேறு வைத்த கதையைச் சொன்னார். நகரத்தார் வீட்டில் அது சண்டை இல்லை, முறை. வீடு ஒன்றுதான், வளவு என்கிற நடு முற்றம் ஒன்றுதான். மணமான மகனுக்கு ஓர் அறை, தனி அடுப்பு, வருடத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு. "அடுப்புதான் அப்பச்சி வேற, படைப்புக்கு எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காருவோம்" என்றார். முன்னோருக்குப் படையல் போடும் அந்தப் படைப்பன்று பங்காளிகள் முழுக்க வந்துவிடுவார்களாம், எந்த நாட்டில் இருந்தாலும். அவர் ஏதோ பழைய நினைப்பில் சொன்னார், எனக்கு உன் கேள்விக்கு வழி கிடைத்த மாதிரி இருந்தது.

உங்கள் ஜெபமாலையை நான் ஏன் அழிக்க வேண்டும்? தங்கை கடைசி வரை அதைக் கையில் சுற்றியபடியே இருந்தாள், அதில் அவளுக்குக் கிடைத்த ஆறுதலை நான் கண்ணால் பார்த்தேன். லுத்தரன் சபையின் ஞானப்பாட்டு அவர்களிடமே இருக்கட்டும். என் அண்ணன் மகன் பெந்தெகொஸ்தே சபையில் ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தான். அண்ணனுக்கு அது பெரிய வருத்தம், ஆனால் பையன் குடியை விட்டான். எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் ஏற்றினால் எதற்கும் ருசி இருக்காது. அதோடு, பெரிய நிர்வாகம் என்றால் பெரிய சொத்து, பெரிய தேர்தல், பெரிய வழக்கு. ஒன்றான சபைகளுக்குள்ளும் அது எவ்வளவு புண்ணாக்கியிருக்கிறது என்று உனக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. ஒரே சபை, ஒரே ஊர், சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் என்று இருக்கிற இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு, உங்களிடமும் உண்டு, எங்களிடமும் உண்டு. அதை எந்த மிஷனும் கப்பலில் கொண்டுவரவில்லை. பந்தி என்று நான் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கத்தோலிக்கரின் ரோமும் ஆங்கிலிக்கரின் கேன்டர்பரியும் நாளைக்கே கைகோத்துக்கொண்டாலும், இந்தச் சுவர் நிற்கிற வரை 'அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்' என்ற ஆண்டவரின் ஜெபத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம், ஒரு விஷயம். பிப்ரவரி 4, வேதசாட்சியாக மரித்த இயேசு சபைக் குரு அருளானந்தரின் நாள். 1693-இல் அவர் தலை விழுந்த ஓரியூருக்கு மச்சானும் தங்கையும் வருடம் தவறாமல் போவார்கள். இந்த வருடம் தனியாகப் போகணுமே என்று மச்சான் குரல் உடைந்து சொன்னார். நான் வருகிறேன் என்றுவிட்டேன். அவரைப் புனிதராக அறிவித்ததும் அதே 1947-இல்தான், எங்கள் சபை பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு. முழங்கால் தாங்கும் என்றால் நீயும் வா. முதல் நாள் இரவே இங்கே வந்துவிடு. காலையில் தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் மச்சான் காத்திருப்பார். நீங்கள் இருவரும் நற்கருணைக்குப் போகும்போது நான் வெளியே அந்தச் செம்மண்ணில் உட்கார்ந்து உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருப்பேன். மதியச் சாப்பாட்டுக் கூடையை என் மனைவி கட்டித் தருகிறாள். வருவதை முன்கூட்டியே போனில் சொல்லிவிடு, அவள் அதற்குத் தக்கபடி உலை வைப்பாள்.

என்றும் உன்,
பழைய நண்பன்