பாப்பாவுக்கு, மூன்று கட்டம் போட்ட நோட்டு பற்றி

கூடலூர்
ஞாயிறு காலை

பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. "நான் சோம்பேறிம்மா, அதான் எல்லா வேலையும் தள்ளிப் போகுது" என்று சொன்னாயே, அது காதிலேயே நிற்கிறது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் சத்தம் கேட்டதும் எழுந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நீ ஏழாவது படிக்கும்போது எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தலைவலி வருமே, ஞாபகம் இருக்கிறதா? லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறி இறங்குகிற பஸ்தான் காரணம் என்று உன் அப்பாவும் நீயும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். பஸ் இல்லை பாப்பா. அந்த வருடம்தான் கேரளப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் பொறுப்பு என்னிடம் வந்தது. மேல் ஆபீசிலிருந்து வருகிற கடிதமெல்லாம் மலையாளத்தில் இருக்கும். எனக்குக் கடைகண்ணிக்குப் போகிற அளவுக்கு மலையாளம் பேச வரும், ஆனால் ஆபீஸ் மலையாளத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும், அதிலும் பாதி புரியாது. கவரைப் பார்த்ததும் வயிறு இறுகும். அப்புறம் பார்க்கலாம் என்று டிராயருக்குள் தள்ளுவேன், தள்ளிய அடுத்த நிமிடம் நெஞ்சு லேசாகிவிடும். ஒருநாள் எடுத்து எண்ணினால் 17 கவர் பிரிக்காமல் கிடந்தது. அதில் ஒன்று பிள்ளைகளின் உதவித்தொகைப் பட்டியல் கேட்டது, தேதி முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. தோட்டத்தில் காய் எடுக்கிற அம்மாக்களின் பிள்ளைகள் நாலு பேருக்கு அந்த வருடம் அந்தப் பணம் வரவில்லை. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அன்று ராத்திரி நானும் உன்னைப்போலத்தான், நான் இதற்கு லாயக்கில்லை என்று அழுதேன். மறுநாள் என்ன தோன்றியதோ, பரணில் இருந்து பழைய பி.எட். நோட்டை எடுத்தேன். தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1898-இல் பூனைகளைப் பெட்டிக்குள் வைத்துச் செய்த சோதனை, அதற்குப் பின்னால் ஸ்கின்னர் என்ற இன்னொரு உளவியலாளர் சொன்னது எல்லாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவை. ஒரு செயலைச் செய்ததும் நமக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் அந்தச் செயலை மறுபடி செய்ய வைக்கிறது, இவ்வளவுதான் சாரம். ஆனால் கிடைப்பது என்றால் மிட்டாயாக இருக்க வேண்டியதில்லை. ஒரு அவஸ்தை நீங்குவதும் கிடைப்பதுதான். வகுப்பில் படித்தபோது இதைச் சரியாகக் கவனிக்கவில்லை, அன்று புரிந்தது. கவரை டிராயரில் போட்டதும் நெஞ்சு லேசானதே, அதுதான் எனக்குக் கூலி. தினம் கூலி வாங்கிக்கொண்டு ஒரு வேலையைப் பழகியிருக்கிறேன், அதற்குப் போய் சோம்பேறி என்று பெயர் வைத்து என்ன பிரயோஜனம்?

அன்றிலிருந்து நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். முன்னால் என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், செய்த உடனே என்ன ஆனது. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுத மட்டும் செய்தேன். பார்த்தால், காலையில் வந்த கவரைவிட மூன்று மணிக்கு மேல், தனியாக இருக்கும்போது வந்தவைதான் முக்கால்வாசி டிராயருக்குப் போயிருந்தன. பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்தேன். எந்த நேரம் வந்தாலும் கவரை மறுநாள் காலை பத்து மணிக்கு, மலையாளம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் பக்கத்தில் இருக்கும்போது பிரிப்பது, முதல் பத்தி மட்டும் படிப்பது. முதல் பத்தி படித்தால் மீதியைத் தானாகவே படித்துவிடுவேன். தலைவலி போக ஒன்றரை மாதம் ஆனது, நடுவில் இரண்டு வாரம் பழையபடி ஆகிவிட்டது, ஆனால் போனது.

இப்போது உன் விஷயம். பொங்கலுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு வாய்க்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தாய். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, எப்போதாவது ஒன்று இருக்கும். இந்த எப்போதாவதுதான் பொல்லாதது. தினமும் தவறாமல் கிடைப்பதைவிட, எப்போது வரும் என்று தெரியாமல் கிடைப்பதுதான் பழக்கத்தை இறுக்கிப் பிடிக்கும், நின்றுபோனாலும் லேசில் விடாது என்று ஸ்கின்னர் காட்டியிருக்கிறார். அதனால் உன் மனது பலவீனம் என்று நினைக்காதே.

நீயும் அதே மாதிரி மூன்று கட்டம் போட்டு எழுது. நோட்டில் எழுதும்போது சோம்பேறித்தனம், பயம், டென்ஷன் என்றெல்லாம் எழுதாதே, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்தால் என்ன தெரியுமோ அதையும், உன் உடம்பு சொன்னதையும் எழுது. "11.20, மேனேஜரின் மெயில் திறந்தேன், இரண்டு வரி படித்தேன், தோள் இறுகியது, போனை எடுத்தேன், 25 நிமிடம் போனது, அந்த நேரம் இறுக்கம் இல்லை." இப்படி. நடந்த உடனே எழுது, ராத்திரி நினைவு வைத்து எழுதினால் மனது கதை கட்டிவிடும். எழுத ஆரம்பித்தாலே அந்தப் பழக்கம் கொஞ்சம் குறையும், அதை நம்பி நிறுத்திவிடாதே. ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது நடுக்கட்டத்தோடு சண்டை போடாமல் முதல் கட்டத்தைப் பார். நேரத்தை மாற்றலாமா, இடத்தை மாற்றலாமா, போன் வேறு அறையில் இருக்கலாமா, வேலையின் முதல் துண்டை ஐந்து நிமிடத் துண்டாக வெட்டலாமா. ஸ்கின்னரே தன் மேசை விளக்கோடு ஒரு கடிகாரத்தை இணைத்து, விளக்கு எரியும் நேரத்தை எழுதிய நேரமாகக் கணக்கு வைத்து, அதைக் கோடாக வரைந்து பார்த்தவர்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் கட்டத்தில் தினமும் "சாயங்காலம் ஆறரைக்குப் புது வேலை கொடுத்தார்கள், நாளைக் காலைக்குள் வேண்டும்" என்றே வந்தால், அது உன் பழக்கம் இல்லை பாப்பா, அவர்களுடையது. மூச்சை இழுத்துவிடு, எல்லாம் சரியாகும் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். வேலையால் ஆள் வற்றிப்போவதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வகைப்படுத்தியபோது அதை வேலையிடத்தோடு சேர்த்துத்தான் சொன்னது. தேதியும் நேரமும் போட்ட நோட்டு உன் கையில் இருந்தால் மேனேஜரிடம் அழாமல் பேசலாம். தூக்கம், சாப்பாடு கெட்டு, எதிலும் பிடிப்பே இல்லை என்று வாரக்கணக்கில் போனால் நோட்டு போதாது, டாக்டரைப் பார். ராத்திரி பேச ஆள் வேண்டுமென்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். எனக்கும் எந்த நேரத்திலும் போன் அடி. இரண்டு மணியானாலும் எடுப்பேன்.

நம் பக்கத்து வீட்டு அண்ணன் புதன்கிழமை எர்ணாகுளம் வருகிறார். அவரிடம் கம்பம் பன்னீர் திராட்சை இரண்டு கிலோ கொடுத்து விடுகிறேன், காக்கநாட்டில் உன் ஹாஸ்டல் வாசலிலேயே தருவார். பைக்கு அடியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கும். முதல் பத்துப் பக்கத்துக்கு நானே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறேன்.

அம்மா