ஞாயிறு அரிட்டாபட்டி நடை

நண்பர்களே, வரும் ஞாயிறு மதுரை மாவட்டம் மேலூர் அருகே பாறைக் குன்றுகள் சூழ்ந்த அரிட்டாபட்டி போகிறோம். காலை ஐந்தரைக்கு மேலூர் பேருந்து நிலையத்தில் கூடுவோம். வெயில் ஏறிவிட்டால் பாறையில் நடக்க முடியாது.

2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. ஆனாலும் சுற்றுலாத் தல வசதி எதையும் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர், சாப்பாடு, தொப்பி கையோடு வேண்டும்.

லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை இங்கே பாறை விளிம்புகளில் கூடு வைக்கும். கூடு கண்ணில் பட்டால் தூரத்திலிருந்தே பைனாகுலரில் பாருங்கள். ட்ரோன், ஸ்பீக்கர் கண்டிப்பாக வேண்டாம். அப்புறம், சமணர் படுக்கையில் உட்காரவோ தமிழி (பழந்தமிழ் பிராமி எழுத்து) கல்வெட்டைத் தொடவோ கூடாது. குடைவரைச் சிவன் கோயிலில் பாசுபத சைவத்தை நிறுவியவராகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பத்தை அவசரமில்லாமல் பார்க்கலாம்.

டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து ஊர்க்காரர்கள் போராடிக் காத்த மலை இது. ஒரு பிஸ்கட் உறைகூட அங்கே விழக்கூடாது. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் சொல்லுங்கள்.