மருந்துக்கு முன் எலி: மகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மகனுக்கு,

நுரையீரல் புற்றுநோய்க்கான சுண்டெலிகளை நீயே வளர்த்தெடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். மருந்தைப் பற்றி நிறைய கேட்டிருக்கிறாய், எலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் இந்தக் கடிதம் முழுக்க எலியைப் பற்றித்தான். இந்த வேலை பாழாவது பெரும்பாலும் மருந்து கொடுக்கும் நாளில் அல்ல. அதற்குப் பல மாதம் முன்னால், எந்த ஆணை எந்தப் பெண்ணோடு கூண்டில் விட்டோம் என்பதிலேயே பாழாகிவிடும்.

உன் எலியில் இரண்டு மாற்றங்கள் இருக்கும். செல்லைப் பெருகத் தூண்டும் கேராஸ் மரபணுவில் அதை ஓயாமல் இயங்கவைக்கும் ஜி12டி பிறழ்வு, அதற்கு முன்னால் அதை வேலை செய்ய விடாத ஒரு தடுப்புத் துண்டு. புற்றைத் தடுக்கும் பி53 மரபணு இயல்பாகவே இருக்கும், ஆனால் அதன் இரு பக்கமும் லாக்ஸ்-பி என்ற, வெட்டும் இடத்தைக் குறிக்கும் டிஎன்ஏ வரிசைகள். தடுப்புத் துண்டைச் சுற்றியும் அதே 34 எழுத்து வரிசைகள்தான். அந்த வரிசைகளுக்கு நடுவே உள்ளதை வெட்டி எடுக்கும் கிரீ நொதி உள்ளே போன செல்லில் மட்டும் தடுப்பு அறுந்து கேராஸ் விழிக்கும், பி53 அழியும். அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் டைலர் ஜாக்ஸின் ஆய்வகம் இந்த கேராஸ் எலியை 2001இல் வெளியிட்டது. நோய் எதிர்ப்பாற்றல் முழுதாக உள்ள உடம்பில், நல்ல செல்களுக்கு நடுவே ஒற்றைச் செல் கெட்டுப்போவதுதான் இதன் அருமை. தோலடியில் செல்களை ஊசி போட்டு வளர்க்கும் கட்டியில் இது கிடைக்காது.

இனி கூண்டுக் கணக்கு. கிரீ வராதவரை அந்தக் கேராஸ் பிரதி இல்லாததற்குச் சமம். இரண்டு பிரதியும் அப்படியானால் குட்டி கருவிலேயே இறந்துவிடும். ஆகவே கேராஸ் மாற்றம் ஆண், பெண் இரண்டில் ஒன்றிடம் மட்டுமே, அதுவும் ஒற்றைப் பிரதியாக, இருக்கட்டும். பி53 மாற்றம் இரு பெற்றோரிடமும் இரட்டையாக இருந்தால் பாதிக் குட்டிகள் உனக்கு உதவும். பி53 இரு பக்கமும் ஒற்றைப் பிரதியானால் எட்டில் ஒன்றுதான் தேறும். இந்த வித்தியாசத்துக்காக ஒரு தலைமுறை முன்கூட்டியே செலவழிப்பது வீண் இல்லை, கண்ணா. கேராஸ் வராத மீதிக் குட்டிகள்தான் உன் கன்ட்ரோல். வேறு கூண்டில் பிறந்த எலியை ஒப்பீட்டுக்கு எடுக்காதே, குடல் நுண்ணுயிர்கள்கூட மாறிவிடும். 'பிளாக் சிக்ஸ்' என்ற ஆய்வக எலி இனம் ஒரே பெயரில் வந்தாலும் அதன் கிளைகளில் 6ஜே வேறு, 6என் வேறு. 6ஜேயில், மைட்டோகாண்ட்ரியா நொதி ஒன்றுக்கான என்என்டி மரபணு பழுதானது. இரண்டையும் கலந்துவிட்டு, வந்த வேறுபாட்டை மருந்தின் பேரில் எழுதிவிடக் கூடாது.

21ஆம் நாள் தாயிடமிருந்து பிரிக்கும்போதே காதில் அடையாளம் இட்டு, அந்தத் துணுக்கையே பிசிஆருக்கு, அதாவது டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனைக்கு, எடு. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே கருவியைத் துடைக்காவிட்டால் இல்லாத மாற்றம் மங்கலான பட்டையாகத் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றம் உள்ளதென்று உறுதியான டிஎன்ஏ, இயல்பானது, வெறும் தண்ணீர் என மூன்றும் இருக்க வேண்டும். எலி இறந்ததும் வாலிலிருந்து இன்னொரு துணுக்கு எடுத்து மறுபடி பார். கூண்டு அட்டை மாறிப்போனது அப்போதுதான் வெளிப்படும்.

கிரீயை அடினோவைரஸில் வைத்து மூக்கு வழியாகக் கொடுப்பாய். வழக்கமான அளவு எலிக்கு 2.5 கோடி தொற்று அலகுகள். கால்சியம் குளோரைடு சேர்த்து 20 நிமிடம் வைத்தால் நுண்துகள்களாகத் திரளும், செல்லுக்குள் நன்றாகப் போகும். ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்து முடித்துவிடு. தாமதித்தால் துகள் பெருத்து, தொற்றுவது குறைந்துவிடும். அதனால்தான் ஒரே குழுவை முதலிலும் மற்றதைக் கடைசியிலும் வைக்கக் கூடாது, வரிசையைக் கலைத்துவிடு. மயக்கம் போதாவிட்டால் எலி தும்மும் அல்லது விழுங்கும், அளவு வயிற்றுக்குப் போய்விடும். மயக்கம் மிஞ்சினால் மூச்சே நிற்கும். மூச்சு நிதானமாக, ஆழமாக வரும்போது துளியை மூக்கு நுனியில் வை, தானே உள்ளிழுக்கும். வைரஸ் கூடினால் நல்லது என்று நினைக்காதே. நூற்றுக்கணக்கான சிறு கட்டிகள் நுரையீரலை அடைத்து, ஒன்றுகூட முற்றுவதற்குள் எலி போய்விடும். பரவும் கட்டியைப் பார்க்க வேண்டுமானால் அளவைக் குறைத்துக் காத்திரு.

வைரஸ் கொடுத்து இத்தனை வாரம் என்று எண்ணி மருந்தைத் தொடங்காதே. மைக்ரோ சிடி ஸ்கேனில் கட்டியைப் பார்த்து, அளந்து, அதன்பின் குலுக்கலில் குழு பிரி. படத்தை அளப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. முடித்துக்கொள்ளும் வரம்பை முன்னாலேயே எழுதி வை: எடை 20 சதவீதம் இறங்கினால், முதுகு கூனினால், மூச்சுக்குத் திணறினால் அந்த எலியை வலியில்லாமல் முடிக்க வேண்டும். இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்ற நப்பாசை வேண்டாம். அது எலிக்கும் கொடுமை, இறந்து கெட்ட திசுவும் உனக்குப் பயன்படாது.

எலி சொல்வதை எல்லாம் நம்பிவிடாதே என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டிகளில் புகைபிடித்தவரின் கட்டியில் இருக்கும் பிறழ்வுகளில் ஒரு சிறு பங்குகூட இருக்காது. நோய் எதிர்ப்பு செல்களுக்கு அடையாளம் காண ஏதும் இல்லாததால், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் தனியே இங்கே பெரும்பாலும் தோற்கும். மனிதரிடமும் தோற்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. மறுபக்கமும் உண்டு. கணையப் புற்றுநோய் எலியில் ஹெட்ஜ்ஹாக் என்ற செல் சமிக்ஞைப் பாதையைத் தடுக்கும் மருந்து, கட்டியைச் சூழ்ந்த நார்த்திசுவைக் குறைத்து, ஜெம்சிட்டபின் என்ற புற்றுநோய் மருந்தைக் கட்டிக்குள் கொண்டு சேர்க்கிறது, ஆயுளும் கூடுகிறது என்று 2009இல் வந்தது. 2012இல் நோயாளிகளிடம் நடந்த சோதனையை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று, கூட்டு மருந்து பெற்றவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். காரணம் தேடியவர்கள் திரும்பவும் எலிக்கே போனார்கள். அந்த நார்த்திசு கட்டியை ஓரளவு கட்டிப்போட்டும் வைத்திருக்கிறது என்று 2014இல் காட்டினார்கள்.

உன் இனக்கலப்புத் திட்டத்தை ஒரு தாளில் வரைந்து படம் எடுத்து அனுப்பு. ஒவ்வொரு குழுவுக்கும் எத்தனை எலி, அதற்கு எத்தனை ஜோடி, எந்த வாரம் ஜோடி சேர்ப்பது என்பது வரை எழுது. கிரீ வைரஸ் மட்டும் பெறும் இயல்பான எலிகளை அதில் விட்டுவிடாதே. கிரீயே செல்லுக்குச் சற்று நஞ்சுதான். ஜோடி சேர்ப்பதற்கு முன் நான் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா